மூணு பேருக்கு ஒரு முழு பலாப்பழம்

எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய்ட்டு வந்து, அங்க அத்தப் பாத்தேன் இங்க இத்தத் தின்னேன்னு எழுதறாங்க. நா வெளிநாட்லேந்து என் சொந்த ஊட்டுக்குப் போய்ட்டு வந்த கதைய சொல்றேன். சிரிக்காத. மஸ்கட்டுல ஏ.சி. டக்டு மாட்ற கம்பெனியோட ரூம்ல எந்தக் கொழாய்ல எப்ப சுடுதண்ணி வரும், எந்தக் கட்டிலு ஆடும், எவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா கொறட்ட வுடுவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. கும்மிடிப்பூண்டில நா கட்டுன ஊட்ல, ஃபேன் போடலாம்னு ஒரு சுச்ச தட்டுனேன். சமையக்கட்டுல மிக்ஸி கர்ருன்னு ஓடுது.

அமுலு ஓடியாந்து நிறுத்துனா. அமுலு என் பொண்டாட்டி. "நீ சொம்மா குந்துய்யா. இன்னா வேணுமோ கேளு, எட்த்தாறேன்"ன்னா. ஊட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட அப்டித்தான சொல்லுவாங்க. நானும் விருந்தாளி மாதிரியே, "பரவால்லங்க"ன்னுட்டேன்.

நா படிச்சது நாலாவது. அதுவும் சத்துணவுல முட்ட போடற நாளா பாத்துதான் போவேன். அதனால எழுத்துல தப்பு இருந்தா கோழிய கேளு.

ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு. தெருவுல எறங்குனா போதும், பாக்கறவன் எல்லாம் ரெண்டே கேள்வி கேப்பான். "எப்ப வந்த தேசப்பா?" அதுக்கு வாயத் தொறக்கறதுக்குள்ள, "எப்ப போற?" மூணாவதா ஒரு கேள்வி வருமான்னு நா கொஞ்ச நேரம் நின்னு பாப்பேன். வராது. பஸ்ஸு வந்துடும் அவனுக்கு.

அமுலு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில வேல செய்யுது. பார்ட்சுக்கு பெயிண்டு அடிக்கற எடம். விடியறதுக்குள்ள வேன் வந்து ஆரன் அடிக்கும், ஓடும். சாயங்காலம் வந்து ஒரு டீய குடிச்சிட்டு அப்டியே செவுத்துல சாஞ்சி தூங்கும். எங்க ஒரே பொண்ணு பவானிக்கு காக்களூர்ல வேல. அங்கயே லேடீஸ் ஆஸ்டலு. ஞாயித்துக்கெழம மட்டும் வரும். ஆக, மூணு பேரு, மூணு எடம். நாலாவது எடத்துல ஊடு, பூட்டிக்கினு கெடக்குது.

மொத ஞாயித்துக்கெழம பவானி வந்துச்சி. சென்ட்டு, சாக்லெட்டு, கம்மலு எல்லாம் எட்த்து குடுத்தேன். "சாப்ட்டியாப்பா?"ன்னுச்சி. "சாப்ட்டேம்மா. நீ?" "ம்." அவ்ளோதான், படம் முடிஞ்சிச்சி. அப்பால அது போனைப் பாத்துச்சி, நா அத்தப் பாத்தேன். அமுலு தூங்குனா. அதுக்கடுத்த ஞாயிறு சொந்தக்காரங்க காதுகுத்துல பூட்ச்சி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. திங்கக்கெழம காத்தால எனக்கு பிளேனு.

அந்த ஒரு ஞாயித்துக்கெழமைல மூணு பேரையும் ஒரு எடத்துல குந்த வெக்கணும். அதான் என் பிளானு. அதுக்குத்தான் பலாப்பழம்.

ஏன் பலாப்பழம்னா, மஸ்கட்டு சூப்பர் மார்க்கெட்டுல ஒரு தபா பாத்தேன். பிளாஸ்டிக் டப்பாக்குள்ள நாலே நாலு சொளைய நகைக்கடைல வெக்கற மாதிரி வெச்சி, மேல பாலித்தீன் சுத்தி வெச்சிருந்தான். வாங்கியாந்தேன். ரூம்ல நாலு பேரு. ஆளுக்கொரு சொளைய எட்த்துக்கினு அவனவன் கட்டிலுக்குப் போயி, மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கினு தின்னோம். சொளை நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா பலாப்பழம் அப்டி திங்கற சாமானே இல்ல. முழுசா நடுவுல வெச்சா சுத்தி குந்தியே ஆவணும். ஒருத்தன் புடிக்கணும், ஒருத்தன் அறுக்கணும், ஒருத்தன் சொளைய உருவணும். எழுந்து ஓடவும் முடியாது, கையெல்லாம் பிசினு. போனைத் தொட முடியாதுபா! அதான் முக்கியம்.

வியாழக்கெழம பெரியபாளையம் போனேன். ஆடி மாசம், பழத்துக்கு சீசன் கடைசி. கோயில் ரோட்டுல வேப்பல கட்டிக்கினு வர்ற கூட்டத்துல நா ஒருத்தன்தான் பேன்ட்டு, டீசர்ட்டு, கூலிங் கிளாசு. ஒரு அண்டால கூழு ஊத்திக்கினு இருந்தாங்க. குடிச்சேன். கடிச்சிக்க கருவாடு. மஸ்கட்டுல தெனம் குபூஸ் தின்னு தின்னு என் நாக்கே ரொட்டி மாதிரி ஆய்ட்ச்சி. அந்தக் கூழு உள்ள எறங்கறப்ப கண்ணுல தண்ணி வந்துச்சி. மொளகா கடிச்சிட்டேன்னு சொல்லிக்கினேன். யாரும் கேக்கல. நானேதான் எனக்கு சொல்லிக்கினேன்.

தேருமுட்டி பக்கம் ஒரு குட்டியானை வண்டி, மேல பலாப்பழமா குமிச்சி, பக்கத்துல ஒரு அம்மா முக்காலி போட்டு குந்தினு இருந்துச்சி. நா பெரிய இவன் மாதிரி ஒரு பழத்த டொக்கு டொக்குன்னு தட்டுனேன்.

"நைனா, கதவத் தட்டாத. உள்ள யாரும் இல்ல"ன்னுச்சி.

"இல்லக்கா, பழுத்திருக்குதான்னு..."

"டொக்கு டொக்குன்னா காயி. தொப்பு தொப்புன்னு பானைல தட்ன மாதிரி வந்தா பழம். முள்ளைப் பாரு. நெருக்கமா ஊசியா நின்னா வுட்டுடு. முள்ளு வெலகி, மொன மழுங்கி, பச்ச போயி மஞ்ச திரும்பணும். எப்ப அறுக்கப் போற?"

"ஞாயித்துக்கெழம."

அப்டின்னா இன்னிக்கி பழுத்தது ஆவாதுன்னு, அது எழுந்து நாலஞ்சி பழத்த உருட்டித் தள்ளுச்சி. அடிலேந்து ஒண்ண இழுத்துச்சி. முள்ளு வெலகி இருக்குது, ஆனா கை வெச்சி அமுக்குனா கல்லு. "இது வெளஞ்ச காயி. காம்புல சுண்ணாம்பு தடவி, கோணில சுத்தி, இருட்டா ஒரு மூலைல வெய்யி. தெனம் திருப்பி வெய்யி. ஃப்ரிட்ஜில வெச்சிடாத, உன்னைப் பாத்தா வெக்கற ஆளு மாதிரி கீது. வாசன வரும். வந்த ஒடனே அறுத்துடணும். இன்னும் ஒரு நாளு ஆவட்டும்னு வெச்சின்னா உள்ள கொழகொழன்னு பூடும். எத்தினி பேரு ஊட்ல?"

"மூணு பேரு."

"மூணு பேருக்கு இதா? யோவ், சொளையா தர்றேன், வாங்கிக்கினு போ. அறுக்கற பேஜாரு இல்ல."

"சொளை வாணாங்க்கா. எனக்கு பேஜாருதான் வேணும்"ன்னேன்.

அந்த அம்மா என் கூலிங் கிளாச ஒரு மாதிரி பாத்துட்டு, தூக்கி தோள்ல வெச்சி வுட்டுச்சி.

பஸ்ஸுல கண்டக்டரு வந்தாரு. பக்கத்துல குந்தினு இருந்த பொம்பளைங்களுக்கெல்லாம் ஃப்ரீ டிக்கெட்டு. எனக்கு காசு. அப்பால மடில பாத்து, "லக்கேஜு ஒண்ணு"ன்னாரு.

"சார், இதுவும் பொம்பளதான். வயித்துல எத்தினி புள்ளைங்க கீது பாருங்க."

பஸ்ஸே சிரிச்சிச்சி. கண்டக்டரும் சிரிச்சிக்கினே லக்கேஜ் டிக்கெட்ட கிழிச்சிட்டாரு. அதுலேந்து போறவன் வர்றவன் எல்லாம் பழத்த ஒரு தட்டு தட்டிட்டுத்தான் எறங்குனான், கொழந்த தலையத் தட்டற மாதிரி. பின் சீட்டுல ஒரு தெலுங்கு பேசற ஜோடி. புருசன் சொல்றான், "நாளைக்கே பழுத்துடும்." பொண்டாட்டி சொல்றா, "உன் மூஞ்சி. அமாவாச ஆவும்." ரெண்டு பேரும் ஊத்துக்கோட்ட பஸ்ஸ புடிக்க எறங்கற வரைக்கும் என் பழத்துக்காக சண்ட போட்டாங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சி. லீவுல வந்ததுலேந்து என்னைப் பத்தி கூட யாரும் அவ்ளோ நேரம் பேசல.

அமுலு பாத்ததும் தலைல கை வெச்சிக்கினா. "இத்த யாரு அறுக்கறது? ஊடு பூரா பிசினாவும். எனக்கு ஞாயித்துக்கெழம தூங்கணும்யா."

"நீ தூங்குமே. நா அறுக்கறேன். எழுந்து வந்து துன்னு."

"ஒனக்கு ஏன்யா இந்த வேல"ன்னுட்டு செவுத்துல சாஞ்சா. டீ கிளாஸு கைலயே இருந்துச்சி. நாந்தான் எட்த்து வெச்சேன்.

வெள்ளிக்கெழமைல ஆரம்பிச்சிச்சி வம்பு. மாடிப்படிக்கு அடில, சுண்ணாம்பு தடவி, கோணி சுத்தி, ராஜா மாதிரி வெச்சிருக்கேன். வாசன வரணுமே? பழத்துகிட்ட மூக்க வெச்சி இழுத்தா கோணி நாத்தம் வருது. வெளிய வந்து இழுத்தா எஸ்டேட்டு நாத்தம் வருது. எங்க பக்கம் சாயங்காலம் ஆனா காத்து திரும்பும். ஒரு கம்பெனிலேந்து துருப்புடிச்ச இரும்ப வறுத்த மாதிரி, இன்னொண்ணுலேந்து அழுகுன முட்டைய கழுவுன மாதிரி. தெருவுல இருக்கறவங்களுக்கு அது தெரியறதே இல்ல. பக்கத்தூட்டு அம்மாவ கேட்டேன், "நாத்தமா? எங்க?"ங்குது.

என் மூக்கும் ஒண்ணும் ஒழுங்கு இல்ல. பாலைவனத்து மண்ணும் டக்டு பஞ்சும் உள்ள போயி அடச்சிக்கினு எத்தினியோ வருசம் ஆச்சி. அமுலுவ எழுப்பி, "கொஞ்சம் மோந்து சொல்லுமே"ன்னேன். குனிஞ்சி மோந்தா. "பெயிண்டு தின்னர் வாசன வருது"ன்னா.

"பலாப்பழத்துலயா?"

"எனக்கு எல்லாத்துலயும் தின்னருதான்யா வருது. கொழம்பு கொதிச்சாலும் தின்னரு. மூக்கு செத்து வருசமாவுது."

அத்த அது சாதாரணமா சொல்லிச்சி. நா போன்ல தெனம் பேசறேன், சாப்ட்டியா தூங்குனியான்னு. மூக்க பத்தி கேட்டதே இல்ல. எவன் கேப்பான், உன் மூக்கு எப்டி கீதுன்னு?

சனிக்கெழம, ஊட்ல மூக்கு இல்லன்னு வெளிய மூக்கு தேடிக்கினு போனேன். பக்கத்து லைன்ல வடக்கத்தி ஆளுங்க வாடகைக்கு இருக்காங்க. வாசல்ல ஒருத்தரு துணி புழிஞ்சிக்கினு இருந்தாரு, என் வயசு இருக்கும். மஸ்கட்டுல கத்துக்கினதுல எனக்கு நல்லா வர்றது இந்தி ஒண்ணுதான். கூப்ட்டேன், "அண்ணே, கொஞ்சம் வந்து ஒரு பழத்த மோந்து குடுங்க."

அவரு ஒடிசா. இங்க வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சாம். மூக்கு இன்னும் புதுசு. கோணிய பிரிச்சி, குந்தி, காம்புகிட்ட மூஞ்ச வெச்சாரு. வெச்சவரு எடுக்கல. நா பயந்துட்டேன், தூங்கிட்டாரான்னு. அப்பால சொன்னாரு, "நாளைக்கி காலைல சரியா இருக்கும். நாளான்னிக்கி வெச்சா வீணு." கொஞ்சம் கழிச்சி, "ஊர்ல எங்க ஊட்டுக்குப் பின்னாடி ஒரு பலாமரம் கீது. எங்க ஊட்டம்மா இப்ப காயா இருக்கறப்பவே வெட்டி கறி வெச்சி முடிச்சிருக்கும். பழுக்க வுடமாட்டா"ன்னாரு.

எனக்கு வாய்ல தானா வந்துச்சி, "எப்ப வந்தீங்க?" அவரு பதிலு சொன்னாரு. ஒடனே நா, "எப்ப போவீங்க?"

கேட்ட அப்பறந்தான் சுருக்குன்னுச்சி. அட பாவி தேசப்பா, நீயுமாடா.

அவரு கைய ஆட்டிட்டு துணி புழியப் போய்ட்டாரு. அந்த நேரத்துல பவானி போன் பண்ணுச்சி. "அப்பா, நாளைக்கி வர முடியாதுப்பா. அவசர ஆர்டராம், எல்லாருக்கும் ஓ.டி. போட்டுட்டாங்க. லீவு கேட்டேன், குடுக்கல."

"பரவால்லம்மா. வேலதான முக்கியம்"ன்னேன். நல்லா சொன்னேன், குரலு கூட ஆடல. அப்பால மாடிப்படிக்கு அடில போயி பழத்துக்குப் பக்கத்துல குந்திக்கினேன். கோணிய சுத்திக்கினு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தோம்.

பழம் நிக்காது. ஞாயிறு வுட்டா திங்கக்கெழம கொழகொழ. பிளேனும் நிக்காது. ஓ.டி.யும் நிக்காது. நிக்காம போறதுக்கு மிச்சம் இருந்தது நா ஒருத்தன்தான். சரி, நாமளே போவோம்.

ஞாயித்துக்கெழம காத்தால சத்தம் போடாம பழத்த தோள்ல வெச்சி வாசப்படி தாண்டுனேன். பின்னாடிலேந்து குரலு. "எங்கய்யா போற?"

"காக்களூரு. நீ தூங்கு."

"காக்களூர்ல எங்க எறங்கணும்னு தெரியுமா ஒனக்கு? பஸ்ஸு எந்த கேட்டு முன்னாடி நிக்கும்னு தெரியுமா?" அமுலு முடிய அள்ளி கொண்ட போட்டுக்கினே வெளிய வந்துச்சி. "இவரு ஃபாரின்காரரு. தொலஞ்சிப் போனா நாந்தான் தேடணும்."

பஸ்ஸுல அமுலுக்கு ஃப்ரீ, எனக்கும் பழத்துக்கும் டிக்கெட்டு. எஸ்டேட்ட தாண்டுச்சி வண்டி. தாண்டி கொஞ்ச தூரம் போனதும் முன் சீட்டுல ஒரு அம்மா திரும்பிப் பாத்துச்சி. அப்பால அதுக்கு முன் சீட்டு. அப்பால டிரைவரு கண்ணாடில பாக்கறாரு. "யாருய்யா பலாப்பழம்?" எனக்கும் அமுலுவுக்கும் ஒண்ணும் தெரியல. பஸ்ஸு பூரா எங்க பழத்தோட வாசனைல கெடக்குது, வெச்சிருக்கற ரெண்டு பேருக்கும் மட்டும் வரல. அமுலு என் காதுகிட்ட வந்து, "பழுத்துடுச்சி போல கீதுய்யா"ன்னுச்சி. எல்லார் மூஞ்சையும் பாத்து தெரிஞ்சிக்கினோம்.

ஆடி ஞாயிறு, பெரியபாளையத்துல வண்டி அசையல. மாட்டு வண்டி, வேனு, கூழு அண்டா, மைக் செட்டு. வெயிலு ஏறுது. மடில பழம் சூடாவுது. "இங்கயே அறுத்துடுங்கண்ணே, ஆளுக்கொண்ணு சாப்டலாம்"னு பின்னாடிலேந்து ஒருத்தன். அமுலு திரும்பி, "எங்க பொண்ணுக்கு எட்த்துக்கினு போறோம். கண்ணு வெக்காத"ன்னுச்சி. சொல்லிட்டு முந்தானைய எட்த்து பழத்து மேல போத்துச்சி. அப்டியே என் தோள்ல சாஞ்சி தூங்கிட்ச்சி. நா அசையாம குந்தினு வந்தேன். ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் அது. ரெண்டுமே வெயிட்டுதான். எறங்கற எடமே வரவேணாம்னு இருந்துச்சி.

காக்களூர்ல பவானி கம்பெனி கேட்டுக்கு வெளிய வேப்பமரம். எளநிக்காரரு ஒருத்தரு. சாப்பாட்டு பெல் அடிச்சி பவானி வந்துச்சி, தலைல வல கட்டிக்கினு. எங்களப் பாக்கல. மொதல்ல மூக்குதான் தூக்குச்சி. அப்டியே நின்னு, "ஐயே, பலாப்பழம்!"ன்னுச்சி. ஊட்லயே உருப்படியான மூக்கு அது ஒண்ணுதான். அப்பறந்தான் எங்களப் பாத்துச்சி. "அப்பா? அம்மா? இன்னாமா இது, போன் கூட பண்ணாம?"

"பேசிக்கினு இருக்காத, பெல்லு அடிச்சிடும். அறுய்யா"ன்னுச்சி அமுலு.

அறுக்கறேன்னு குந்துனேன். கத்தி? எட்த்தாரல. இவ்ளோ தூரம் ராஜா மாதிரி தூக்கியாந்தவன் கத்திய வுட்டுட்டேன். எளநிக்காரருகிட்ட அருவாள கேட்டா, "பிசின் ஒட்டுனா எவன்யா கழுவறது?"ங்கறாரு. "மொத சொளை ஒனக்குண்ணே"ன்னேன். குடுத்தாரு. ஓங்கி ஒரு போடு. பழம் ரெண்டா பொளந்துச்சி. உள்ள, ஐயோ, தங்கம் மாதிரி. நா ரெண்டு கையையும் வுட்டு நடுத்தண்ட கிழிச்சி எட்த்தேன்.

"அப்பா! எண்ண தடவாம எவனாச்சும் பலாப்பழம் அறுப்பானா?"

"ஒங்கப்பன் அறுப்பான்"ன்னுச்சி அமுலு.

எண்ணெயும் மறந்துட்டேன். கைய பிரிக்க முடியல, வெரலு வெரலோட ஒட்டிக்கினு நிக்குது. பவானியோட ஃபிரண்டு ரெண்டு பேரு டிபன் டப்பா மூடிய நீட்டிக்கினு வந்தாங்க. வாட்ச்மேன் வந்தாரு. அமுலு சொளைய உருவி உருவி எல்லாருக்கும் குடுத்துச்சி. பவானி தரைலயே சம்மணம் போட்டு குந்தி தின்னுச்சி. ரெண்டு கன்னமும் உப்பிக்கினு, சின்ன வயசுல தின்ன மாதிரியே. போனு பாக்கெட்லயே கெடந்துச்சி. அது அடிச்சப்ப கூட எடுக்கல. எடுக்க முடியல. நாந்தான் சொன்னேனே.

என் வாய்ல அமுலு ஒரு சொளைய வெச்சிச்சி. தேனு.

வாட்ச்மேன் கொட்டைய துப்பிட்டு, "எப்ப வந்தீங்க?"ன்னாரு. நா மென்னுக்கினு இருக்கறதுக்குள்ள, "எப்ப போறீங்க?"

"நாளைக்கி காத்தால. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி கெளம்பணும்"ன்னு பதிலு வந்துச்சி. பவானி சொல்லிச்சி. தலைய கூட தூக்கல. நா அதுகிட்ட நேரமெல்லாம் சொன்னதே இல்ல.

வாட்ச்மேன் போனதும் அது எழுந்து பக்கத்துலயே இருந்த ஆஸ்டலுக்குள்ள ஓடி, தலைக்கு வெக்கற தேங்காண்ண பாட்டிலோட வந்துச்சி. எனக்கு முன்னாடி முட்டி போட்டு, என் கைய புடிச்சி எண்ணைய ஊத்திச்சி. ஒவ்வொரு வெரலா புடிச்சி தேய்க்க ஆரம்பிச்சிச்சி. "கையாப்பா இது, சிமெண்ட்டு மாதிரி கீது"ன்னுச்சி. அமுலு மரத்துல சாஞ்சி கண்ண மூடிக்கினு இருந்துச்சி. பவானி கைய நா கடைசியா புடிச்சது ரோடு தாண்டறதுக்கு. அப்ப அது என் இடுப்புக்குத்தான் இருக்கும்.

உள்ள பெல்லு அடிச்சிச்சி. ஃபிரண்டுங்க, "ஏய் பவானி, வா"ன்னு கேட்டு பக்கத்துல நின்னாங்க.

"போயிட்ச்சாப்பா?"

பிசின் அப்பவே போய்ட்ச்சி. கை வழுவழுன்னு கீது.

"இல்லம்மா, இங்க இன்னும் கொஞ்சம் ஒட்டுது பாரு"ன்னு சுண்டு வெரல நீட்டுனேன்.

அது பாத்துச்சி. வெரல பாத்துச்சி, என்னைப் பாத்துச்சி. கேட்டுப் பக்கம் திரும்பி, "நீங்க போங்கடி, வர்றேன்"ன்னு கத்திட்டு, இன்னும் கொஞ்சம் எண்ண ஊத்திச்சி.